ஈரோட்டிலிருந்து மாஸ்கோவுக்கு

ஈரோட்டில் மண்டி வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்தவர் வெங்கட்ட நாயக்கர். அவருடைய மகன் ராமசாமிக்குப் படிப்பு ஏறவில்லை. சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, மண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த ராமசாமிதான் பெரியார். 1879-ல் பிறந்து 1973-ல் மறைந்தவர். சாதியை எதிர்த்து அவர் போராடிய கதை எல்லோருக்கும் தெரியும். கடல் கடந்த ஒரு நாட்டின் அரசியல்மீது அவர் ஆசை வைத்ததும், அதனால் அவர் பட்ட பாடும் அவ்வளவாகத் தெரியாது.

அந்த நாடு ருஷியா. 1917-ல் அங்கே புரட்சி நடந்தது. தொழிலாளர் பெயரால் புது ஆட்சி ஏற்பட்டது. பணக்காரன், ஏழை என்ற பேதம் அங்கே இல்லையாம் என்ற பேச்சு ஈரோடு வரை எட்டியது. மார்க்ஸும் ஏங்கல்ஸும் எழுதிய கம்யூனிஸ்டு அறிக்கையைப் பெரியார் 1931 அக்டோபரில் தமது 'குடி அரசு' பத்திரிகையில் தமிழில் வெளியிடத் தொடங்கினார்.

படித்தது போதவில்லை. நேரில் பார்த்துவிடத் துணிந்தார்!

கப்பல் ஏறினார்

1931 டிசம்பர் 13-ந் தேதி சென்னையில் 'அம்போய்ஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 52. எஸ். ராமநாதனும், ஈரோட்டு ராமுவும் உடன் சென்றார்கள். வீட்டையும் இயக்கத்தையும் மனைவி நாகம்மையார் பார்த்துக்கொண்டார்.

எகிப்து, கிரீஸ், துருக்கி வழியாக 1932 பிப்ரவரியில் மாஸ்கோ சேர்ந்தார். சுமார் மூன்று மாதம் ருஷியாவில் இருந்தார். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

ஆனால் விருந்தாளிக்கு வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தைக் காட்டுவதில்லை. 1932-லும் 1933-லும் உக்ரைன் முதலிய பகுதிகளில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அது உலகத்துக்கு முழுதாகத் தெரியப் பல காலம் ஆயிற்று.

ருஷியாவிலிருந்து ஜெர்மனி சென்று, பிறகு இங்கிலாந்து போனார். ஜூன் மாதம் மெக்ஸ்பரோ என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர் கூட்டம். தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரியும் மேடையில் இருந்தார். அவர் முன்னாலேயே, தொழிற்கட்சி ஆட்சி இந்தியர்களுக்குச் செய்த கொடுமைகளைப் பெரியார் எடுத்துச் சொல்லிக் கண்டித்தார். அழைத்த வீட்டில் அவர் காட்டிய மரியாதை அது!

இனிமேல் தோழர்

1932 நவம்பரில் ஊர் திரும்பினார். இனி ஸ்ரீ, திரு என்று எழுத வேண்டாம், தோழர் என்றே அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே ஈரோட்டில் தம் வீட்டில் தொண்டர்களைக் கூட்டினார். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் சென்னையிலிருந்து வந்தார். நிலமும் ரயிலும் வங்கியும் பொதுவுடைமை ஆக வேண்டும், குடியானவர் கடன் ரத்தாக வேண்டும் என்று திட்டம் தீட்டினார்கள். ஈரோட்டுத் திட்டம் என்பது இதுதான்.

வெள்ளைக்கார அரசாங்கம் சும்மா இருக்குமா? ஒற்றர்கள் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். 1933 மே மாதம் நாகம்மையார் காலமானார். அந்தத் துக்கத்திலும் அவர் வேலையை விடவில்லை. அக்டோபரில், இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று 'குடி அரசில்' தலையங்கம் எழுதினார். டிசம்பரில் கைது செய்தார்கள். கோவையில் வழக்கு நடந்தது. அவர் எதிர்வழக்காடவில்லை. அவருக்கு 9 மாதமும், பத்திரிகையின் வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளுக்கு 3 மாதமும் தண்டனை கிடைத்தது. அண்ணன் எழுதியதற்குத் தங்கையும் சிறை போனார்.

பின்வாங்கினாரா?

1934-ல் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சர்க்கார் தடை செய்தது. அடுத்தது சுயமரியாதை இயக்கம்தான் என்ற நிலை. 1935 மார்ச்சில், சமதர்மப் பிரசாரத்தை நிறுத்திக்கொள்வதாகப் பெரியார் அறிவித்தார்.

தோழர்கள் கொதித்தார்கள். ஜீவானந்தம் பிரிந்து சென்றார். பெரியார் பயந்துவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். சிறைக்குப் பயந்தவர் அல்ல அவர். அதற்கு முன்பும் பின்பும் பல முறை சிறை கண்டவர். இயக்கமே அழிந்தால் சாதி ஒழிப்பு வேலையை யார் செய்வது என்பதுதான் அவர் கவலை. இருந்தாலும் ஜீவாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது.

திட்டத்தைக் கைவிட்டாரே தவிர, ருஷியாமீது கொண்ட ஆசையை அவர் விடவில்லை. பெயர் வைக்கச் சொல்லித் தொண்டர்கள் நீட்டிய குழந்தைகளுக்கு ருஷியா என்றும் மாஸ்கோ என்றும் அவர் பெயர் வைத்தார்.