ஆறு புள்ளிகளில் ஒளி தந்தவர்

பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809-ஆம் ஆண்டு பிறந்தார் லூயி பிரெயில். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. மறு கண்ணும் கெட்டு, ஐந்து வயதில் பார்வை முற்றும் போயிற்று.

பத்து வயதில் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களின் பெரிய மேடெழுத்துக்களைத் தடவிப் படிப்பதே கடினம். மாணவர் தாமே எழுதுவதோ இயலாது. பார்பியே என்பவர் வகுத்த பன்னிரு புள்ளி முறையை எளிதாக்கி, 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறே புள்ளிகளில் எழுத்துக்களை அமைத்தார். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். ஆலயத்தில் ஆர்கனும் இசைத்தார்.

1852-இல் காசநோயால் மறைந்தார். அப்பள்ளி அவர் முறையை முறைப்படி ஏற்றது 1854-இல்தான்! இன்று தமிழ் நூல்களும் அப்புள்ளிகளில் படிக்கப்படுகின்றன.

தோழியரே! பார்வையற்றோர் வேண்டுவது இரக்கமன்று, படிக்க நூல். அதற்கு வழி கண்டவர் நம் வயதுடைய மாணவர் ஒருவரே.