பாரதியாரின் முற்றுப்பெறாத ஏடுகள்

தொடங்கிய வேலையை முடித்த பின்னரே மற்றொன்றில் கை வைக்க வேண்டும் என்பது பெரியோர் நமக்கு இளமை முதல் புகட்டி வரும் பாடம். அப்பாடத்தைக் கற்றோமேயன்றிக் கடைப்பிடித்தோமில்லை. விடுதியில் நமது பெட்டியைத் திறந்து பார்ப்போர்க்கு இவ்வுண்மை விளங்கும். இரண்டு பருவத்தோடு நின்றுபோன பிள்ளைத்தமிழ் ஒன்று. முதற் களம் மட்டும் எழுதப்பெற்ற நாடகம் ஒன்று. முன்னுரை இருந்தும் முடிவுரை காணாத கட்டுரைகள் நான்கு. இவற்றைக் கண்ட நம் தமிழாசிரியர் கடிந்து கொள்ளவில்லை; பாரதியாரின் வாழ்க்கையை ஒரு முறை ஊன்றிப் படித்து வருமாறு மட்டும் பணித்தார். அப்பணியின் பயனே இக்கட்டுரை.

கடந்த விடுமுறையில் சென்னை சென்றிருந்தபோது திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலை அடுத்துள்ள துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிற்குச் சென்றோம். பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்த இல்லம் ஆங்குளது. தமிழ்நாட்டு அரசினர் 1993-ஆம் ஆண்டில் அதனை நினைவில்லமாக ஆக்கினர். அவ்வில்லத்தின் கூடத்தில் நின்றபோது ஒரு வினா நம் உள்ளத்தே எழுந்தது. முப்பத்தொன்பது ஆண்டும் நிரம்பப் பெறாத ஒருவர், இத்துணைப் பாடல்களையும் கதைகளையும் கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புக்களையும் எவ்வாறு ஒருங்கே எழுதினார்? அவற்றுள் பல முற்றுப்பெறாது நின்றமைக்கு யார் பொறுப்பு?

சுப்பிரமணிய பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். இளமையிலேயே பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் 1898-இல் காலமாகவே, காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்து பயின்றார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் சிறிது காலம் இருந்து, 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் சுதேசமித்திரன் பத்திரிகையின் உதவியாசிரியராகச் சென்னை வந்து சேர்ந்தார். அன்று தொடங்கியதே அவர்தம் எழுத்தின் ஓயாத ஓட்டம்.

நாளிதழ் வேலை எத்தகையதென்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளை அன்றன்றே தமிழாக்க வேண்டும். நாளைக்கென்று ஒத்தி வைத்தல் இயலாது. இவ்வேலைக்கிடையே 1905-இல் மாதர்க்குரிய சக்கரவர்த்தினி என்னும் மாத இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். 1906-இல் இந்தியா வாரப் பத்திரிகை தோன்றியது. திருவல்லிக்கேணி மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவு அதற்கு இருந்தது. பால பாரதம் என்னும் ஆங்கில இதழும் அவர் கையில் சேர்ந்தது. எழுதுவதோடு அவர் அமையவுமில்லை. 1907-இல் விபின் சந்திர பாலரை வரவழைத்துத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் சூரத்துக் காங்கிரசுக்கும் சென்று வந்தார். இத்தனைக்கும் இடையிலேதான் நாட்டுப் பாடல்கள் பிறந்தன. வி. கிருஷ்ணசாமி ஐயர் அவற்றுட் சிலவற்றைக் கேட்டு மகிழ்ந்து, அரசியற் கொள்கையில் மாறுபட்டவராயிருந்தும், தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. இக்காலத்து அவர் முடித்தவையெல்லாம் சிறியன. பாடல் ஒன்றை ஒரே இருப்பில் முடிக்கலாம். தலையங்கம் ஒன்றை ஒரு பகலில் முடிக்கலாம். நெடிய நூலுக்கு வேண்டியது நெடிய ஓய்வு. அவ்வோய்வு அவர்க்குக் கிடைத்தது 1908-இல் புதுச்சேரி புகுந்த பின்னரே. அதுவும் விரும்பிப் பெற்ற ஓய்வன்று. சிறைக்குத் தப்பி ஒதுங்கியதால் வந்தது.

புதுச்சேரியிலும் முதலில் பத்திரிகைகளே அவரைப் பற்றின. இந்தியா மீண்டும் வெளிவந்தது. விஜயா, கர்மயோகி, சூரியோதயம் என்பன அடுத்தடுத்துத் தோன்றின. சித்திராவளி என்னும் பெயரால் சித்திரப் பத்திரிகை ஒன்றுக்கும் திட்டமிட்டார், அது வெளிவரவில்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகைகள் செல்லாவாறு அரசாங்கத்தார் தடுத்தனர். 1910-இல் இந்தியா நின்றது. வருவாய் அற்றது. ஒற்றர் தெருவெங்கும் உலவினர். கடிதங்களும் அவர்கள் கைப்பட்டன. ஆயினும் பத்திரிகை ஓய்ந்த அவ்விடத்திலேதான் காவியம் எழுந்தது. பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயிற் பாட்டும், கீதையின் தமிழாக்கமும் அப்புதுவை வாழ்வின் விளைவுகளே. பதஞ்சலியாரின் யோக சூத்திரத்தையும் அவர் தமிழாக்கத் தொடங்கினார். சமாதி பாதத்தோடு அது நின்றுவிட்டது. தாகூரின் சிறுகதைகள் சிலவற்றை மொழிபெயர்த்தார். சுதேசமித்திரனுக்குத் தராசு முதலிய தலைப்புக்களில் கட்டுரைகள் அனுப்பினார். காளிதாசன், சக்திதாசன் என்றாற்போலப் புனைபெயர்கள் பல பூண்டார். ஒருவரே பலராய் நின்று எழுதினார் எனினும் பொருந்தும்.

இனி, முற்றுப்பெறாதவற்றை வகைப்படுத்திக் காண்போம். அவையெல்லாம் ஒரே தன்மையன அல்ல.

முதலாவது வகை, முடித்தும் முடியாதனவாய்க் கிடந்தவை. பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912-இல் அச்சேறியது. இரண்டாம் பாகம் எழுதப்பெற்றும் அவர் வாழ்நாளில் அச்சு வாகனம் ஏறவில்லை, 1924-இல்தான் வெளிவந்தது. சூதாட்டக் களத்தில் நாட்டை இழந்த பாண்டவர் கதையைப் படித்தோர், பாஞ்சாலியின் சபதத்தைக் கேட்கப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். இது கவிஞர் குற்றமா? ஏட்டை முடித்தவர் அவர். அதனை நூலாக்க வேண்டியவர் நாட்டினர்.

இரண்டாவது வகை, கைவிட்டுப் போனவை. சின்னச் சங்கரன் கதை என்னும் நகைச்சுவைக் கதையைப் புதுவையில் எழுதினார். எட்டயபுரத்து அரண்மனை வாழ்வை எள்ளி நகையாடும் அக்கதையின் கையெழுத்துப் பிரதி காணாமற் போயிற்று. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை சில அத்தியாயங்களே. களவு போன கதைக்கு ஆசிரியரை நோவது எங்ஙனம்?

மூன்றாவது வகையே உண்மையில் பாதியில் நின்றவை. அவற்றுள் தலையாயது சந்திரிகையின் கதை. நிலநடுக்கத்தில் உற்றாரை இழந்த ஒரு பச்சிளங் குழந்தையையும், அதனை ஏற்று வளர்க்கும் இளங் கைம்பெண் விசாலாட்சியையும் கொண்டு அப்புதினம் தொடங்குகின்றது. கைம்பெண் மறுமணத்துக்காகப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலுவும், சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் அக்கதையில் பாத்திரங்களாகவே உலவுகின்றனர். விசாலாட்சியின் வாழ்வு ஒருவாறு மலர்கின்றது; பெயருக்குரிய சந்திரிகையோ வளர்ந்து பெரியவளாவதற்கு முன்னரே கதை நின்றுவிடுகின்றது. இதனைப் படித்து முடித்தபோது நமக்குண்டான ஏக்கம் சிறிதன்று. எத்தகைய பெண்ணாக அவளை வளர்க்கக் கருதினாரோ!

1918-ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார், கடலூரை அடுத்துக் கைது செய்யப்பெற்றார், டிசம்பரில் விடுதலையானார். அவ்விடுதலையும் நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ வேண்டும். எழுதுவதை வெளியிடுமுன் போலீஸ் அதிகாரியிடம் காட்ட வேண்டும். எழுதுகோல் பிடித்த கைக்கு இதனினும் பெரிய விலங்கு உண்டோ? மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் அவர் வறுமையோடு நாட்களைக் கழித்தார்.

சென்னைக்குத் திரும்புமுன், 1920-இல், பாரதியார் வகுத்த திட்டம் ஒன்று நம் நெஞ்சை உருக்குவது. தம் கையெழுத்துப் பிரதிகள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடக் கருதினார். ஆக நான்கு லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுதோறும் பரவியுள்ளவற்றினும் விரைவாகத் தம் நூல்கள் பரவும் என்று உறுதியாக நம்பினார். அச்சுச் செலவுக்குப் பணம் கடனாகத் தந்து உதவுமாறும், வட்டியுடன் திருப்பித் தருவதாகவும் நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் எழுதினார். தானம் கேட்கவில்லை; கடனே கேட்டார். திட்டம் நிறைவேறவில்லை. முற்றுப்பெறாத அவர் படைப்புக்களுள் மிகப் பெரியது இத்திட்டமே என்று நாம் துணிந்து சொல்வோம்.

1920-இன் இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்து, திருவல்லிக்கேணியில் குடியேறினார். மறு ஆண்டில் பார்த்தசாரதி கோயில் யானைக்கு வழக்கம் போல் பழம் கொடுக்கச் சென்றபோது அது அவரைத் தள்ளிவிட்டது. குவளைக் கண்ணன் பாய்ந்து சென்று மீட்டார். அக்காயம் ஆறிய பின்னர் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்திற்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசித் திரும்பினார். செப்டம்பரில் வயிற்று நோய் பற்றியது. உடன் இருந்த நண்பர் சொல்லிவைத்த வரலாற்றின்படி, இறுதி இரவிலும் ஆப்கானிஸ்தானத்து அமீர் அமானுல்லா கானைப்பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிக் காலையில் ஆபீசுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவர் நினைவாக இருந்தது. காலை வந்தது; கட்டுரை எழுதப்பெறவில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்து அவர் ஆவி பிரிந்தது. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டிற்கு உடன் சென்றவர் சிலரே.

இதே திருவல்லிக்கேணியில், திருவேட்டீசுவரன்பேட்டையில், தியாகராச விலாசம் என்னும் இல்லத்தில் மற்றொரு தமிழ்ப் பெரியார் வாழ்ந்தார். மகாமகோபாத்தியாயர் உ.வே. சாமிநாதையரே அவர். அவரும் ஒரே காலத்தில் பல சுவடிகளை ஆராய்ந்தவர். ஆயின் ஒவ்வொன்றையும் பொறுமையுடன் முடித்துப் பதிப்பித்தவர். எண்பத்தேழாண்டு வாழ்ந்த அவரும் தம் வரலாற்றை முடிக்கவில்லை. 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த அவர்தம் சரித்திரம், 1942-இல் அவர் மறைவோடு இடையிலே நின்றது. நெடிது வாழ்ந்தார்க்கும் ஏடு முடியவில்லையாயின், முப்பத்தெட்டில் முடிந்தார்க்குக் கூற வேண்டுவது என்னை?

ஆயினும் நம் பெட்டிக்குள் கிடக்கும் ஏடுகளுக்குப் பாரதியாரைச் சான்று காட்டித் தப்பிக்க நாம் துணியோம். அவர் ஏடுகள் நின்றது வறுமையால், தடையால், களவால், மரணத்தால். நம்முடையவை நின்றது சோம்பலால். பல ஏடுகளை விரித்து வைத்தமை அவர் குறையன்று. ஒன்றில் வழி அடைபட்டபோது மற்றொன்றில் நடந்தார். காவியத்திற்குப் பொழுது இல்லாத நாளில் ஒரு பாட்டை முழுமையாக்கினார். அன்றன்றைக்குரியதை அன்றே முழுமையாக முடித்தமையால், பெரியவை நின்றபோதும் அவர் வாழ்வு வெறுமையாகவில்லை.

எஞ்சிய பணியைப் பிறர் ஏற்றனர். செல்லம்மாள் திருவல்லிக்கேணியிலேயே பாரதி ஆச்சிரமம் அமைத்து 1922-இல் பாடல்களை வெளியிட்டார். பின்னர்ப் பாரதி பிரசுராலயத்தார் ஒவ்வொரு நூலாகக் கொணர்ந்தனர். 1949-இல் சென்னை அரசாங்கத்தார் உரிமையைப் பெற்றனர். பின்னர் அது நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பெற்றது. அன்று அவர் கனாக் கண்ட நான்கு லட்சத்தினும் மிகுதியான பிரதிகள் இன்று தமிழகமெங்கும் பரவியுள்ளன. கடன் கேட்ட கைதான் இல்லை.

நூலை எழுதுவோர் பாதி முடிக்கின்றனர்; மறு பாதியை முடிப்பவர் அதனை உரிய காலத்தில் ஏற்கும் மக்களே. இதனை நன்குணர்ந்து, நம்மிடையே எழுதுவோர் உயிருடன் இருக்கும்போதே அவர்க்குக் கை கொடுப்போமாக. ஆசிரியர்க்கும் ஒரு செய்தி: பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவத்தை நேற்றிரவு எழுதி முடித்தோம்.