போபர்ஸ்: ராஜீவ் காந்தியின் 'மிஸ்டர் க்ளீன்' இமேஜ் உடைந்தது எப்படி?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ராஜீவ் காந்தி நினைவிடம் தெரிந்த இடம்தான். 1991 மே 21 இரவு, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அவர் அங்கேதான் கொல்லப்பட்டார். அவர் எப்படி இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் முன்பே அவர் ஆட்சியை இழந்தது ஏன்?

யார் இவர்?

1944-ல் மும்பையில் பிறந்த ராஜீவ், இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட். தம்பி சஞ்சய் 1980-ல் விமான விபத்தில் இறந்த பிறகுதான் அரசியலுக்கு வந்தார். 1984 அக்டோபர் 31-ல் அம்மா இந்திரா கொல்லப்பட, அன்றே பிரதமர். வயது 40. அடுத்து வந்த தேர்தலில் 400-க்கும் மேற்பட்ட இடங்கள். ஊழல் கறை இல்லாதவர் என்பதால் வந்த பெயர்தான் 'மிஸ்டர் க்ளீன்'.

என்ன நடந்தது?

1986 மார்ச்சில் ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம். மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். 1987 ஏப்ரல் 16-ல் ஸ்வீடன் வானொலி, இதில் லஞ்சம் கைமாறியதாகச் செய்தி வெளியிட்டது. அரசு உடனே மறுத்தது. ஆனால் பணம் கொடுக்கப்பட்டது உண்மைதான் என்று ஜூனில் ஸ்வீடன் தணிக்கைத் துறையே சொல்லிவிட்டது.

தானோ தன் குடும்பமோ பணம் வாங்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் ராஜீவ் சொன்னார். கூட்டுக்குழு விசாரித்தது. பெரும்பாலான எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அந்தக் குழுவில், அறிக்கையை ஏற்காமல் மறுப்புக் குறிப்பு எழுதியவர் அதிமுகவின் ஆலடி அருணா. சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' 1988-ல் ஆவணங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. அதே வருடம் அரசு அவதூறு மசோதா கொண்டுவந்தது. பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வர, அதை வாபஸ் வாங்கியது. மறைக்க ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் இதனால் இன்னும் வலுத்தது.

1989 தேர்தலில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 197 இடங்கள்தான். ராஜீவ் அமைச்சரவையிலிருந்து விலகிய வி.பி.சிங் பிரதமரானார்.

பணம் வாங்கினாரா?

வாட்டர்கேட் விவகாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனை அவரே பதிவு செய்த ஒலிநாடாக்கள் மாட்டிவிட்டன. 1974-ல் பதவி விலகினார். ராஜீவ் விஷயத்தில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அவர் லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை என்று 2004 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது அவர் இறந்து கிட்டத்தட்ட 13 வருடம் ஆகியிருந்தது. சர்ச்சைக்குள்ளான அதே பீரங்கிகள் 1999 கார்கில் போரில் கைகொடுத்ததும் நடந்தது.

அப்படியென்றால் தவறே இல்லையா? கமிஷன் போனது உண்மை. யாருக்குப் போனது என்று கேட்டபோது அரசு நேராகப் பதில் சொல்லவில்லை. ராஜீவின் பெயரைக் கெடுத்தது அந்த மழுப்பல்தான். நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். வாக்காளருக்குச் சந்தேகமே போதும்.