கையடையான கவிஞர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை

இறைவனை அறிவால் ஆராய்ந்து அணுகுவோர் உளர். அன்பால் தம்மை ஒப்படைத்து அணுகுவோரும் உளர். ஆராய்ந்து தேர்ந்தவர்க்கு உருக்கம் அரிது. உருகியவர்க்கு ஆராய்ச்சியில் நாட்டம் குறைவு. இரண்டும் ஒருவரிடத்தே கூடி, அக்கூட்டம் தமிழ்க் கவிதையாகவும் மலர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் நிகழ்ந்தது. இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தின் ஆசிரியரும், கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படுபவருமாகிய எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் வாழ்வே அது.

பொருநைக் கரையில்

கிருட்டிணபிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மாள். வைணவப் பற்று மிக்க வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். ஆதலால் மைந்தருக்குக் கம்பன் ஏட்டில் கற்ற புலவனாக மட்டும் அமையவில்லை. இல்லத்தில் நாளும் கேட்ட குரலாகவே அமைந்தான்.

அந்த மண்ணும் அத்தகையது. நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர் அதே பொருநையாற்றின் கரையில்தான் உள்ளது. தன் முயற்சி யாவும் கைவிட்டு இறைவன் திருவடியே புகல் என்று அடைவதைச் சரணாகதி எனப் போற்றிய மரபு அங்கே நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்தது. இம்மரபில் தோய்ந்த உள்ளமே பின்னாளில் வேறொரு திருவடியை நாடிச் சென்றது என்பதை மறந்தால், கிருட்டிணபிள்ளையின் வாழ்வையோ கவிதையையோ முழுமையாக உணர்தல் இயலாது.

சாயர்புரத்து ஆசிரியர்

தமிழ் இலக்கண இலக்கியங்களில் தேர்ந்த இளைஞராக அவர் விளங்கிய காலத்தில், நெல்லைச் சீமையில் கிறித்தவ சமயத் தொண்டர்கள் பள்ளிகளை நிறுவித் தமிழ்க் கல்வியையும் வளர்த்து வந்தனர். ஜி.யு. போப் நிறுவிய சாயர்புரம் கல்விக்கூடம் அவற்றுள் ஒன்று. 1853இல் அங்குத் தமிழாசிரியர் பணிக்குக் கிருட்டிணபிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது புலமையை மதிப்பிட்டுத் தேர்ந்தவர், பின்னர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஆவார்.

சாயர்புரத்தில் அவர் வைணவராகவே பணியாற்றினார். கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் கற்பிப்பது அவர் கடமை. கிறித்தவம் கற்பது அன்று. ஆயினும் சூழலும் நூல்களும் நட்பும் மெல்ல மெல்ல அவர் உள்ளத்தில் வினாக்களை எழுப்பின. நண்பர் தனக்கோடி ராஜு கிறித்தவத்தைத் தழுவினார். உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் அவ்வழி நின்றார். அயலார் எவரேனும் இவ்வாறு செய்திருப்பின், அறியாமை என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். தம்மோடு கற்றவரும் தம்மோடு பிறந்தவரும் செய்தபோது அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

கற்றவர்க்கே உரிய முறையில் அவர் இவ்வினாவை எதிர்கொண்டார். நூல்களைப் படித்தார், ஒப்பிட்டார், வாதிட்டார். பாவம் எவ்வாறு நீங்கும் என்பதே அவரை அலைக்கழித்த முதன்மையான வினா. நோன்பாலும் தானத்தாலும் நீங்குமா? அன்றி, இறைவனே மனிதனுக்காக ஏற்கும் துன்பத்தால் நீங்குமா? ஆராய்ச்சி அவரை வாயில்வரை கொண்டு சென்றது. வாயிலைக் கடக்கச் செய்தது வேறொன்று. தம் மனமாற்ற வரலாற்றை அவரே உரைநடையில் எழுதியுள்ளார். அவ்வரலாற்றில் நூலறிவுக்கு இடம் உண்டு. ஆயினும் முடிவு வேண்டுதலில்தான் விளைந்தது.

1858

சென்னை மயிலாப்பூர்த் தூய தோமா ஆலயத்தில் 1858ஆம் ஆண்டு அவர் திருமுழுக்குப் பெற்றார். அப்போது முப்பது வயது நிறைந்திருந்தது. ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயர் அவருக்கு இடப்பட்டது. எனினும் கிருட்டிணன் என்னும் பெற்றோர் இட்ட பெயரை அவர் நீக்கவில்லை. இரு பெயர்களும் ஒன்றையொன்று தள்ளாமல் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை என்று இணைந்து நின்றன. அவர் கவிதையின் இயல்பும் அதுவே ஆயிற்று.

அக்காலத்தில் இத்தகைய முடிவு எளிதன்று. திருமுழுக்குப் பெற்ற ஒருவர் உறவினரோடு உடனிருந்து உண்ணும் உரிமையையும், குலத்தாரிடையே பெற்றிருந்த மதிப்பையும், மணவினைத் தொடர்புகளையும் ஒருசேர இழக்க நேர்ந்தது. தமிழ்ப் புலவர் ஒருவர்க்கு இவற்றினும் பெரிய அச்சம் ஒன்றும் உண்டு. ஆழ்வார்களும் கம்பரும் தந்த மொழிச் செல்வம் முழுவதும் பழைய சமயத்தோடு பின்னிப் பிணைந்தது. சமயத்தை விட்டவர் அம்மொழியை எவ்வாறு வைத்துக்கொள்வது? புதிய இறைவனைப் பாட வேறு தமிழ் எங்கே உள்ளது? இவ்வினாவுக்கு அவர் வாதத்தால் விடை கூறவில்லை; முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த காப்பியத்தால் கூறினார்.

இடைப்பட்ட காலத்தில் சென்னையில் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும், பின்னர்ப் பாளையங்கோட்டையில் தமிழாசிரியராகவும், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தமிழ்ப் புலவராகவும் பணியாற்றினார்.

பதின்மூன்று ஆண்டுப் பயணம்

இங்கிலாந்து நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூல், ஒரு பயணியின் கதை. அழிவு நகரத்தில் வாழும் ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு விண்ணக நகரை நோக்கிப் புறப்படுகின்றான். ஊராரின் ஏளனமும் சேற்றுப் பள்ளமும் மாயச் சந்தையும் கடந்து நகரை அடைகின்றான். சிலுவையைக் கண்ட நொடியில் அவன் சுமை தானே அவிழ்ந்து உருண்டு வீழ்கின்றது. சமயக் கருத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையிருந்த எளிய பாத்திரக் கம்மியர் பனியன். அவரது நூலைக் கிருட்டிணபிள்ளை தம் காப்பியத்துக்கு மூலமாகக் கொண்டார்.

பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் மாத இதழில் இரட்சணிய யாத்திரிகம் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. 1894 மே திங்களில் நூலாயிற்று. ஆசிரியர்க்கு அப்போது அறுபத்தேழு வயது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களில் 3700க்கும் மேற்பட்ட பாடல்கள் அமைந்துள்ளன. மூலத்தின் எளிய உரைநடை இங்குக் கம்பனின் விருத்தமாகப் பாய்கின்றது. இடையிடையே தேவாரம் எனப் பெயர் சூட்டப்பெற்ற உருக்கமான இசைப்பாடல்கள் அமைந்துள்ளன. சைவத் திருமுறையின் பெயரைக் கிறித்தவப் பாடலுக்கு இட்ட துணிவு, தாம் பிறந்த மரபைப் பகையாகக் கருதாதவர்க்கே வாய்க்கும்.

கட்டிய கயிறு எது?

பனியன் கதையில் இயேசுபெருமானின் பாடுகள் விரிவாக இடம்பெறவில்லை. பயணி சிலுவையைக் காண்கின்றான். கதை மேலே செல்கின்றது. கிருட்டிணபிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசுபெருமான் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்படுவதையும் துன்புறுவதையும் தாமே விரித்துப் பாடினார். சுமை வீழ்ந்தது என்று கூறினால் மட்டும் போதாது, அதனை ஏற்றவர் யார் என்று காட்டவும் வேண்டும் என அவர் கருதினார் போலும்.

அப்படலத்தில் ஓர் இடம் கவிஞர்கள் ஊன்றிக் கற்கத்தக்கது. இறைமகன் கயிற்றால் பிணிக்கப்பட்டு ஓர் ஏழையைப்போல் ஒடுங்கி நிற்கின்றார். அவரை நிறுத்தியது அக்கயிறு என்று எண்ண வேண்டா என்கின்றார் கவிஞர். தம்மைப் பகைத்த மாந்தர்மீதும் கொண்ட நேசம் என்னும் கட்டினை அவிழ்க்க இயலாமையாலேயே அவர் நின்றாராம். எல்லாம் வல்லவரை எது கட்டும் என்பது அறிவு எழுப்பும் வினா. அன்பு கட்டும் என்பது பத்தி கூறும் விடை. அடியவர் அன்புக்குக் கட்டுண்ணும் இறைவனை ஆழ்வார் பாசுரங்களில் இளமையிலேயே அறிந்த உள்ளம் இது. அங்கு வெண்ணெய் களவாடிய பிள்ளையைத் தாய் கட்டுகின்றாள். இங்குப் பகைவர் கட்டுகின்றனர். கட்டுண்ணுதலின் காரணமோ இரண்டிடத்தும் ஒன்றே.

நம்பிக்கையின் ஆழம்

பனியன் கதையின் இரு நிகழ்ச்சிகள் கிருட்டிணபிள்ளையின் வாழ்வுக்கும் உரையாக அமைகின்றன. பயணியும் தோழனும் வழிதவறி ஐயக் கோட்டையில் அடைபடுகின்றனர். அடியும் பசியும் அவர்களைச் சாவின் விளிம்புவரை தள்ளுகின்றன. திடீரெனப் பயணிக்கு நினைவு வருகின்றது: இறைவாக்குறுதி என்னும் திறவுகோல் தொடக்கம் முதலே தன் மார்பில் இருக்கின்றது! அதைக்கொண்டு அன்றே வெளியேறுகின்றனர். ஐயத்தின் சிறைக்குத் திறவுகோல் வெளியில் இல்லை என்பது இதன் கருத்து.

மற்றொன்று இறுதி ஆறு. நகருக்கு முன்னே பாலமற்ற ஆறு ஓடுகின்றது. அதன் ஆழம் எல்லார்க்கும் ஒன்றன்று. நகரத்து மன்னனை நம்பும் அளவுக்கேற்ப அது குறைந்தும் மிகுந்தும் காணப்படும். இத்தனை தொலைவு வந்த பயணியே அங்கு அஞ்சி அமிழ்கின்றான். தோழன் தலையைத் தாங்கிப் பிடிக்கின்றான். நம்பிக்கை என்பது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பொருள் அன்று. கடைசி அடிவரையிலும் புதுப்பிக்க வேண்டிய ஒன்று. தமையனும் தம்பியுமாக, நண்பரும் நண்பருமாக நம்பிக்கையைக் கண்டடைந்த ஒருவர்க்கு இக்காட்சி எத்துணை நெருக்கமானதாக இருந்திருக்கும்!

நிர்ணயமும் மனோகரமும்

காப்பியத்துக்குப் பின் இரு நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1898இல் வந்த இரட்சணிய சமய நிர்ணயம் உரைநடையால் ஆயது. சமய உண்மையைக் காரண காரியத்தோடு ஆராய்வது. 1899இல் வந்த இரட்சணிய மனோகரம் பத்திப் பாடல்களின் தொகுதி. முன்னது ஆராய்ந்த அறிவின் நூல். பின்னது உருகிய உள்ளத்தின் நூல். முப்பது வயதில் வாயில்வரை அழைத்து வந்த அறிவை எழுபது வயதிலும் அவர் உதறவில்லை. ஆனால் இறுதிச் சொல்லைப் பாடலுக்கே அளித்தார்.

மனோகரத்தில் கையடைப் பதிகம் என்றொரு பகுதி உண்டு. கையடை என்பது பிறர் கையில் ஒப்புவிக்கப்பெற்ற பொருள். கம்பன் பாலகாண்டத்தில் கையடைப் படலம் அமைத்துள்ளான். வேள்வி காக்க இராமனை வேண்டுகின்றான் விசுவாமித்திரன். தயரதன் கலங்குகின்றான்; மறுக்க முனைகின்றான்; இறுதியில் உயிரனைய மைந்தனை முனிவன் கையில் ஒப்படைக்கின்றான். இழப்பாகத் தோன்றிய அவ்வொப்படைப்பே இராமனின் பெருமைக்கெல்லாம் தொடக்கமாகின்றது. தந்தையாரிடம் கம்பனைக் கேட்டு வளர்ந்த கிருட்டிணபிள்ளை இச்சொல்லின் எடையை நன்கறிந்தவர். காப்பியத்தில் தந்தை மகனை ஒப்படைத்தான். பதிகத்தில் அடியவர் தம்மையே ஒப்படைக்கின்றார். சரணாகதி என்று வைணவம் கற்பித்ததும், விசுவாசம் என்று கிறித்தவம் கற்பித்ததும் அவர் உள்ளத்தில் சந்தித்த இடம் இந்தத் தமிழ்ச்சொல்லே எனலாம்.

அறிவு பெற்ற பின் நம்புவது என்பதே உலகியல் முறை. கிருட்டிணபிள்ளையின் வாழ்வு, நம்பி ஒப்படைத்த பின்னரே அறிவு கனிகின்றது என்று உணர்த்துகின்றது. உறவை ஒப்படைத்தார்; உற்றாரிடையே பெற்றிருந்த மதிப்பை ஒப்படைத்தார்; தமக்கு எல்லாவற்றினும் அரியதான தமிழையும் ஒப்படைத்தார். ஒப்படைத்த தமிழ் குறைவுபடாமல் காப்பியமாகத் திரும்பி வந்தது.

1900ஆம் ஆண்டு பிப்பிரவரி 3ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அதே 1900இல், சாயர்புரம் கல்விக்கூடத்தை நிறுவிய போப் திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஆங்கிலக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கிய நெல்லைக் கவிஞரும், தமிழ்ப் பத்திப் பனுவலை ஆங்கிலமாக்கிய மேலைநாட்டு அறிஞரும் ஒரே கல்விக்கூடத்தோடு தொடர்புடையவர்கள். சமயங்கள் வாதில் எதிரெதிர் நின்ற காலத்திலும், உருகிய உள்ளங்கள் தமிழில் ஒன்றையொன்று அறிந்துகொண்டன என்பதற்கு இவ்விருவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.