மின்னலை வைத்து உரம் செய்தவர்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் வாயு. பயிர் வளர அது அவசியம். ஆனால் காற்றில் உள்ளதைப் பயிர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உரமாக மாற்றித் தரவேண்டும். அருவி மின்சாரத்தால் அதைச் செய்து காட்டியவர், நார்வே நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியன் பிர்க்லாண்ட்.

இவர் 1867-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, இன்று ஆஸ்லோ என்று வழங்கும் நகரில் பிறந்தார். 30 வயதிலேயே பேராசிரியர் ஆனார்.

வானத்து ஒளி

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் சில இரவுகளில் வானம் பச்சையும் சிவப்புமாக, திரைச்சீலைபோல் அசையும். சூரியனில் இருந்து பறந்து வரும் மின்துகள்களே இதற்குக் காரணம் என்றார் பிர்க்லாண்ட். கடுங்குளிரில் மலை உச்சியில் தங்கி ஆராய்ந்தார். அவருடைய ஆசை எல்லாம் இதில்தான் இருந்தது. ஆனால் இந்த ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் வேண்டியிருந்தது.

பணத்துக்காக மின்சாரப் பீரங்கி ஒன்றைச் செய்தார். 1903 பிப்ரவரியில் பெரியவர்கள் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டியபோது மின்கோளாறு ஏற்பட்டது. பெரும் ஓசையோடு தீச்சுடர் பாய்ந்தது. கூடியிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். பீரங்கித் திட்டம் அத்துடன் முடிந்தது.

ஒரு வாரம் சென்று ஒரு விருந்தில் சாம் ஐட் என்ற என்ஜினீயரைச் சந்தித்தார். அருவிகளில் மின்சாரம் எடுக்கும் உரிமை ஐட்டிடம் இருந்தது. அதைக்கொண்டு உரம் செய்ய, மின்னலைப்போன்ற பெரும் சுடர் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. பீரங்கியில் பாய்ந்த சுடர் பிர்க்லாண்டின் நினைவுக்கு வந்தது.

நெருப்பு வட்டு

அந்நாளில் உலகத்தின் வயல்களுக்கு வெடியுப்பு உரம் சிலி நாட்டில் இருந்து கப்பலில் வந்தது. அது தீர்ந்தால் கோதுமைப் பஞ்சம் வரும் என்று ஆங்கில விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் 1898-ல் எச்சரித்திருந்தார்.

பிர்க்லாண்ட் மின்சுடரைக் காந்தத்தால் விரித்து, அகன்ற நெருப்பு வட்டாக்கினார். அதன் வெப்பம் 3,000 டிகிரிக்கு மேல். அதன் ஊடே காற்றைச் செலுத்தினால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும். அந்த வாயுவை நீரில் கரைத்தால் நைட்ரிக் அமிலம். அதில் சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்தால் உரம். 1905-ல் நோட்டோடன் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. அதே ஆண்டில் நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனியும் உருவானது.

ஆனால் இந்த முறைக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவானது. ஜெர்மனியில் ஹேபர், போஷ் இருவரும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா செய்தார்கள். செலவு குறைவு. 1913-ல் அவர்கள் முறையில் தொழிற்சாலையும் வந்துவிட்டது. ஆனால் ஹைட்ரஜனுக்கு அவர்கள் நிலக்கரியை நம்பியிருந்தார்கள்.

டோக்கியோவில் முடிவு

பிர்க்லாண்டுக்குத் தூக்கம் கெட்டது. தூக்க மருந்துக்கு அடிமையானார். 1913-ல் எகிப்து சென்று வான ஆராய்ச்சியில் மூழ்கினார். உலகப்போர் மூண்டதால் ஆசியா வழியாக ஊர் திரும்பப் புறப்பட்டார். ஊர் போய்ச் சேரவில்லை. 1917 ஜூன் 15-ந் தேதி டோக்கியோவில் ஒரு ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 49. அளவுக்கு மீறித் தூக்க மருந்து உட்கொண்டிருந்தார்.

1929-ல் நார்ஸ்க் ஹைட்ரோ, ரியூக்கான் என்ற ஊரில் ஜெர்மன் முறைக்கு மாறியது. ஆனால் நிலக்கரியைத் தொடவில்லை. அருவி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தது. நெருப்பு வட்டு போனாலும் அருவியில் இருந்து உரம் என்ற எண்ணம் நின்றது.

நம் நாட்டில் பஞ்சாப் மாநிலம் நங்கல் உரத் தொழிற்சாலையும் 1961-ல் பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு இதே வழியில்தான் தொடங்கியது. பின்னர் அது எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியது. உலகம் முழுவதும் அதுவே வழக்கமாயிற்று. அதனால் கரியமில வாயு காற்றில் குவிகிறது.

இப்போது பழைய வழி திரும்புகிறது. வெயிலிலும் காற்றாலையிலும் கிடைக்கும் மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுக்க, மத்திய அரசு 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் அம்மோனியாவும் அடக்கம்.

பிர்க்லாண்ட் உயிராக நினைத்த துருவ ஒளிக் கொள்கையை அவர் காலத்தில் பலர் ஏற்கவில்லை. 1960-களில் செயற்கைக்கோள்கள் அவர் சொன்ன மின்னோட்டங்களை வானில் கண்டன. இன்று அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.