சிக்கந்தர் ஹயாத் கான்: பஞ்சாப் உடையாமல் காக்கப் பார்த்த ராணுவ அதிகாரி

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த இந்திய வீரர்களில் பஞ்சாபியர் ஏராளம்.

அவர்களின் சொந்த மாகாணத்தை அப்போது ஆண்டவரும் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரிதான். பெயர் சர் சிக்கந்தர் ஹயாத் கான்.

யார் இவர்?

1892இல் முல்தானில் பிறந்தார். லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனவர், படிப்பை முடிக்காமலே ஊர் திரும்பினார்.

அது முதல் உலகப் போர் நேரம். படைக்கு ஆள் சேர்த்தார். பிறகு தாமே அதிகாரி ஆனார். 1919இல் நடந்த மூன்றாம் ஆப்கன் போரிலும் பணியாற்றினார்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

1921இல் பஞ்சாப் சட்டமன்றத்தில் நுழைந்தார். 1932இல் தற்காலிக ஆளுநர். ஓர் இந்தியருக்கு அந்தப் பதவி கிடைப்பது அப்போ ரொம்ப அபூர்வம். 1935இல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது அதன் துணை ஆளுநர்களில் ஒருவர்.

1937 தேர்தலில் அவருடைய யூனியனிஸ்ட் கட்சி வென்றது. அவர் மாகாணப் பிரதமர் ஆனார். இன்றைய முதலமைச்சர் பதவி மாதிரி.

கட்சியின் கணக்கு என்ன?

கிராமத்தில் முஸ்லிம், சீக்கியர், இந்து எல்லாருக்கும் கவலை ஒன்றுதான்: நிலமும் கடனும். அதை வைத்தே மூன்று சமூகத்தையும் ஒரே அமைச்சரவையில் உட்கார வைத்தார். 1901க்கு முன் அடகு போன நிலங்களை விவசாயிகளுக்கே மீட்டுத் தர 1938இல் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர்களுக்குக் கடும் கோபம்.

சிக்கல் எங்கே வந்தது?

1937 அக்டோபரில் முகமது அலி ஜின்னாவுடன் அவர் ஓர் உடன்பாடு செய்தார். மாகாணத்தில் தம் கூட்டணி, தேசிய அளவில் முஸ்லிம் லீக். இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம் என்று நினைத்தார்.

1940 மார்ச்சில் லாகூரில் லீக் நிறைவேற்றிய தீர்மானம்தான் பிறகு பாகிஸ்தான் கோரிக்கையின் அடிப்படை ஆனது. அதற்கு முதல் வரைவு ஒன்றை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் மனத்தில் இருந்தது தளர்வான கூட்டாட்சி. தம் வரைவு மாற்றப்பட்டதாக 1941இல் சட்டமன்றத்திலேயே சொன்னார்.

அதே ஆண்டு தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் சேர்ந்தார். ஜின்னா எதிர்த்ததும் விலகினார். யார் கை ஓங்கியிருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துபோனது.

போர் என்ன செய்தது?

பிரிட்டனுக்காகப் பஞ்சாபில் மும்முரமாக ஆள் திரட்டினார். ஆனால் சிங்கப்பூரில் பிடிபட்ட வீரர்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பிரிட்டனுக்கு எதிராகத் திரும்பினார்கள். அதற்கு முதலில் தலைமை தாங்கிய கேப்டன் மோகன் சிங்கும் பஞ்சாபியர்தான்.

1942 ஜூனில் சீக்கியத் தலைவர் பல்தேவ் சிங்குடன் உடன்பாடு கண்டார். அது வேர்விடும் முன்பே, டிசம்பர் 26 அன்று காலமானார். வயது 50.

பிறகு என்ன ஆச்சு?

அடுத்து வந்த கிஸர் ஹயாத் திவானா, 1947 மார்ச்சில் பதவி விலகினார். ஆகஸ்டில் பஞ்சாப் இரண்டானது. லட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

சிக்கந்தர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஜின்னாவுக்கு அவர் கொடுத்த இடமே லீக் பஞ்சாபில் வளர உதவியது. ஆனால் மதத்தைத் தாண்டி, நிலத்தை வைத்து ஒரு மாகாணத்தை ஆளலாம் என்று அவர் ஐந்து ஆண்டு காட்டினார். அவருடைய கல்லறை லாகூர் பாட்ஷாகி பள்ளிவாசல் அருகே இருக்கிறது.