இரேனியஸ் ஐயரும் இரண்டாகப் பிரிந்த சபையும்

தமிழ் நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் சீகன்பால்கு, சுவார்ட்ஸ், கால்டுவெல், போப் ஆகிய பெயர்கள் நம்மில் பலருக்கும் பழக்கமானவை. இவர்களுக்கு நடுவில் நின்று பெரும்பணி ஆற்றிய ஒருவரைப் பாடநூல்கள் ஓரிரு வரியோடு விட்டுவிடுகின்றன. அவர்தாம் திருநெல்வேலி மக்கள் இரேனியஸ் ஐயர் என்று அழைத்த சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ். நான் அவருடைய சபையைச் சேர்ந்தவன் அல்லன். தணிகை மலை அடிவாரத்தில் படிப்பவன். எனினும் ஒரு நல்ல மனிதரின் நேர்மையே அவர் வளர்த்த சபை பிளவுபடக் காரணமாக முடியுமா என்ற கேள்வி அவர் வாழ்க்கையில் இருப்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

1790-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் மேற்குப் பிரஷியாவில் கிராவுடென்ஸ் என்னும் கோட்டை நகரில், பிரஷியப் படை அதிகாரி ஒருவரின் மகனாக இரேனியஸ் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பெர்லினில் யேனிக்கே என்பவர் நடத்திய குருமடத்தில் பயின்று, 1812-இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். இந்த 'லுத்தரன் முறைப்படி' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வந்த புயலுக்கெல்லாம் வித்து அதில்தான் இருக்கிறது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் சர்ச் மிஷன் சங்கத்துக்கு இந்தியா செல்ல ஆங்கிலக் குருமார் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே அது ஜெர்மானிய லுத்தரன் குருமாரை அமர்த்தி அனுப்பியது. அவ்வாறு வந்தவருள் ஒருவரான இரேனியஸ், 1814 ஜூலையில் சென்னைக் கரையில் இறங்கினார். சென்னையில் ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றிய பின், 1820-இல் பாளையங்கோட்டை சென்றார். அங்கே கம்பெனிப் படையின் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் விடுத்த அழைப்பே அதற்குக் காரணம்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றார். ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். உபதேசிமாரைப் பயிற்றும் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அதனால் எழுந்த எதிர்ப்புக்கு அவர் வளைந்து கொடுக்கவில்லை. புதிதாகச் சபையில் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டபோது, நிலம் வாங்கி அவர்களைக் குடியமர்த்த 1830-இல் தர்ம சங்கத்தை நிறுவினார். நிலம் வாங்கப் பணம் தந்து உதவிய ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரால் அமைந்த டோனாவூர் இன்றும் இருக்கிறது.

தமிழ் மாணவர்கள் அவரை வேறொரு காரணத்துக்காகவும் அறிய வேண்டும். 1832-இல் அவர் வெளியிட்ட 'பூமி சாஸ்திரம்' தமிழில் அறிவியல் நூல்கள் தோன்றிய தொடக்ககாலத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் பல பதிப்புகள் கண்டது. பப்ரீசியஸின் வேதமொழிபெயர்ப்பு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் ஒட்டிச் செல்வதால் படிப்போருக்கு விளங்கவில்லை என்று கருதி, புதிய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்தார். பழைய நடையில் ஊறிய தஞ்சைக் கிறிஸ்தவர்கள் இதனை வன்மையாக எதிர்த்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களுள் ஒருவர். வேதத்தில் கை வைப்பது என்றால் எந்தச் சமயத்திலும் சும்மா விடுவார்களா?

1835-க்குள் அவருடைய சபைகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் சேர்ந்திருந்தனர். நூற்றுக்கணக்கான ஊர்கள், ஆனால் திருமுழுக்கும் திருவிருந்தும் நடத்தும் உரிமையுள்ள குருமாரோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உபதேசியார்கள் ஊரிலேயே இருந்து கற்பித்தார்கள், ஜெபம் நடத்தினார்கள். ஆயினும் குருப்பட்டம் இல்லாததால் சாக்கிரமெந்துகளை நடத்த இயலாது. அவர்களில் தகுதியானவர்களுக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்றார் இரேனியஸ். யார் கொடுப்பது? தரங்கம்பாடி, தஞ்சை மிஷன்களின் பழைய வழக்கப்படி குருமாரே கூடி கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. ஆங்கிலிக்கன் அத்தியட்சர் கையால்தான் பெற வேண்டும், இங்கிலாந்துச் சபையின் ஜெபப் புத்தகத்தையும் 39 கொள்கைகளையும் ஏற்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்சி. 1830-இல் ஜான் தேவசகாயம் அவ்வாறு அத்தியட்சர் கையால் உதவி குருவானார். திருநெல்வேலிச் சிற்றூர் உபதேசியார் ஒருவர் இங்கிலாந்தின் சட்டதிட்டங்களுக்கு ஏன் கையொப்பம் இட வேண்டும் என்பது இரேனியஸுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

இது இவ்வாறிருக்க, கம்பெனியின் குருவானவர் ஹார்ப்பர் என்பவர் ஆங்கிலச் சபையை உயர்த்தி ஒரு நூல் எழுதினார். இரேனியஸ் அதற்கு மறுப்பு எழுதி, அச்சபையின் அமைப்பையும் வழிபாட்டையும் கடுமையாகக் குறை கூறி அச்சிட்டார். அதன்மேல் 1835-இல் சங்கம் அவருடன் இருந்த தொடர்பை அறுத்துக்கொண்டது.

சங்கம் செய்தது அநியாயம் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஒரு சபையின் சங்கத்திடம் சம்பளம் பெற்றுக்கொண்டே அச்சபையை அச்சில் கண்டிப்பது முறையா? கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் விலகியிருக்கலாம். மறுபுறம், அவர் லுத்தரன் என்று தெரிந்தேதான் சங்கம் அவரை அனுப்பியது. ஆள் கிடைக்காத காலத்தில் லுத்தரன் பட்டம் போதுமானதாக இருந்தது. அத்தியட்சர்கள் வந்து சேர்ந்த பிறகு அது போதாமல் போயிற்று. இதில் மாறியவர் இரேனியஸ் அல்லர்.

அடுத்து நடந்ததே உண்மையான சோதனை. 1835 ஜூனில் அவர் பாளையங்கோட்டையை விட்டு வெளியேறி, புதிய பணியைத் தொடங்கும் எண்ணத்தோடு ஆர்க்காடு வந்தார். ஆர்க்காடு என்றதும் நம்மவர்க்கு ஓர் ஆர்வம் பிறக்கும். அன்று நம் திருத்தணியும் அடங்கியிருந்த வட ஆர்க்காட்டு ஜில்லா அது. அவர் அங்கேயே தங்கியிருந்தால் வடதமிழகத்தின் கதையும் வேறாயிருக்கக் கூடும். ஆனால் திருநெல்வேலி உபதேசியார்களும் சபையாரும் திரும்பி வருமாறு வேண்டினர். சில மாதங்களில் அவர் திரும்பிப் போனார். ஷாப்டர், முல்லர், லெக்லர் ஆகிய ஜெர்மானிய உடன் ஊழியர்களும் அவர் பக்கம் நின்றனர். இதற்குள் சங்கத்தின் சார்பில் ஜார்ஜ் பெட்டிட் பொறுப்பேற்றிருந்தார்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு மிஷன்கள். உபதேசியார்களில் ஒரு பகுதியினர் இங்கே, ஒரு பகுதியினர் அங்கே. உபதேசியார் எந்தப் பக்கமோ, பெரும்பாலும் சபையும் அந்தப் பக்கம். கோயில் யாருக்கு, பள்ளி யாருக்கு என்ற வழக்குகள் எழுந்தன. எல்லைப் போராட்டக் காலத்தில் ஒரே ஊர் இரு பக்கமும் இழுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை, 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த நம் ஊரின் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் அங்கே இரு கட்சியாரும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள். அதிலும் இரேனியஸ் மொழிபெயர்த்ததையே படித்தவர்கள்.

பட்ட விஷயத்தில் இரேனியஸ் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. திரும்பி வந்த விஷயத்தில் அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலக்கப்பட்ட குரு தம் பழைய சபைக்குள்ளேயே வந்து நின்றால், அதுவரை கொள்கைச் சண்டையாக இருந்தது ஆள் சண்டையாகி விடுகிறது. ஆனால் அழைத்தவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள் போன்றவர்கள். அவர்களைக் கேட்காமலே கடலுக்கு அப்பாலிருந்து மேய்ப்பனை மாற்றியது சங்கம். கேட்கப்படாதவர்கள் தாமே பேசத் தொடங்கினால் அதனைக் குற்றம் என்பதா? இங்கேதான் என் தீர்ப்பு தடுமாறுகிறது. எங்கள் வகுப்பில் இது பற்றிப் பேசியபோதும் இரண்டு கட்சிகளாகவே பிரிந்தோம்.

பிளவு நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1838 ஜூன் 5-ஆம் நாள், தம் 47-ஆம் வயதில், பாளையங்கோட்டையில் இரேனியஸ் காலமானார். தலைவர் மறைந்தபின் ஷாப்டர் முதலியோர் சங்கத்துக்கே திரும்பினர். லெக்லர் சேலம் சென்று லண்டன் மிஷனில் சேர்ந்தார். இரேனியஸின் வாழ்க்கை வரலாற்றை அவர் மகன் 1841-இல் வெளியிட்டார். 1826-இல் ஐயர் கட்டிய பாளையங்கோட்டைத் திருத்துவ ஆலயம் இன்று திருநெல்வேலித் திருமண்டலத்தின் தலைமைப் பேராலயம். மக்கள் அதனை ஊசிக்கோபுரம் என்கின்றனர்.

திருநெல்வேலிச் சபையில் வளர்ந்த அசரியா, 1912-இல் இன்று தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்கு அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அத்தியட்சர் கை வைக்காமல் பட்டம் பெற்றிருந்த மற்றச் சபைகளின் குருமாரும் மறுபட்டம் பெறாமலே அதில் குருமாராக ஏற்கப்பட்டனர். தமிழ் லுத்தரன் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. இன்றும் தனியாகவே இருக்கிறது.